விமான நிலைய லவுஞ்: கட்டுநாயக்காவில் பணம் கட்டுவதா, இடைத்தங்கலில் கட்டுவதா?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வெளிநாடு செல்வோருக்குப் பயணத்தின் கடினமான பகுதி பெரும்பாலும் விமானத்தில் ஏறுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. மட்டக்களப்பு நகரிலிருந்து பொலனறுவை, ஹபரணை, குருநாகல் வழியாகக் கட்டுநாயக்கா ஏறத்தாழ 300 கிலோமீற்றர். கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று மக்களுக்கு அதற்கும் மேல். இரவில் ஹபரணைப் பக்கம் யானை வீதியை மறித்து நிற்கலாம், மார்கழி மழையில் மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளம் ஏறலாம், டயர் வெடிக்கலாம். விமானத்தைத் தவறவிட்டால் வரும் நட்டத்தை நினைத்து, ஏழெட்டு மணி நேரப் பயணத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தை ஒதுக்கிக்கொண்டு புறப்படுவதே இங்குள்ள வழக்கம். அதன் விளைவாக, வீதியில் ஒரு தடங்கலும் நேராத நாளில், பெட்டிகளோடும் பிள்ளைகளோடும் விமான நிலைய வாசலில் மணிக்கணக்காகக் காத்திருக்க நேர்கிறது. “லவுஞ்சுக்குப் போனால் என்ன, சாப்பாடும் இருக்கிறதாமே” என்ற யோசனை எழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். விமான நிலையத்துக்குள் சோபாவும் சாப்பாடும் உள்ள தனிக் காத்திருப்புக் கூடத்தைத்தான் லவுஞ் என்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிழக்கு மாகாணத்திலிருந்து செல்லும் சாதாரண வகுப்புப் பயணிக்குக் கட்டுநாயக்காவில் பணம் கட்டி நுழையும் அடிப்படை லவுஞ் பெரும்பாலும் பொருத்தமான தெரிவு அல்ல. அதே பணத்தை டோஹாவிலோ துபாயிலோ அடுத்த விமானத்துக்காக இடைத்தங்கும் நேரத்தில் செலவிட்டால் பயன் பல மடங்கு. தரத்தில் உள்ள ஏற்றத்தாழ்வைக் கருதி நான் இதைச் சொல்லவில்லை. நம்முடைய காத்திருப்பு எந்த இடத்தில், எந்த நேரத்தில் விழுகிறது என்பதே காரணம்.

அடிப்படை லவுஞ் என்பது எது என்பதில் பலருக்கு மிகையான எதிர்பார்ப்பு இருக்கிறது. விமான நிறுவனங்கள் தமது முக்கிய பயணிகளுக்காக இத்தகைய கூடங்களை நெடுங்காலமாக நடத்தி வருகின்றன. அமெரிக்கன் எயார்லைன்ஸ் 1939இல் நியூயோர்க்கின் லகார்டியா நிலையத்தில் திறந்த அட்மிரல்ஸ் கிளப் அவற்றின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. எந்த விமானத்தில், எந்த வகுப்பில் பயணம் செய்தாலும் பணம் கட்டினால் உள்ளே விடும் கூடங்கள் பரவலானது மிகவும் பிந்தியே. ஹொங்கொங்கைத் தளமாகக் கொண்ட பிளாசா பிரீமியம் நிறுவனம் 1998இல் அந்தத் தொழிலைத் தொடங்கியது. சமூக ஊடகங்களில் சுற்றும் பளபளப்பான காணொளிகள் பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தவை, அதிலும் முதல் வகுப்புப் பயணிகளுக்கானவை. கட்டுநாயக்காவில் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் நடத்தும் செரண்டிப் லவுஞ்சும் வர்த்தக வகுப்புப் பயணிகளுக்கும், வன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனக் கூட்டமைப்பின் உயர்நிலை உறுப்பினர்களுக்கும் உரியது. பணம் கட்டியோ வங்கி அட்டையைக் காட்டியோ நாம் நுழையக்கூடியது இரண்டாவது வகை.

அதற்குள் என்ன இருக்கும்? வாசலில் ஒரு மேசை. போர்டிங் பாஸையும் அட்டையையும் வாங்கும் பணியாளர், அட்டையிலுள்ள பெயரும் போர்டிங் பாஸிலுள்ள பெயரும் ஒன்றா என்று பார்த்து, சிறு இயந்திரத்தில் தேய்த்து, ஒரு துண்டுச் சீட்டில் கையொப்பம் வாங்குவார். உள்ளே, வெளிக் கூடத்தின் உலோக இருக்கைகளைவிட மெத்தென்ற சோபாக்கள். அவற்றில் பாதிக்கு அருகில் மட்டுமே தொலைபேசியைச் சார்ஜ் செய்யும் பிளக் இருக்கும், அந்த இருக்கைகள்தாம் முதலில் நிரம்பும். ஒரு மூலையில் மூடியிட்ட சூட்டுப் பாத்திரங்கள் மூன்று நான்கு: ஒரு சோறு அல்லது நூடில்ஸ், ஒரு கோழி, ஒரு மரக்கறி, சில வேளை ஒரு சூப். பக்கத்தில் முக்கோணமாக வெட்டிய சான்ட்விச், கேக் துண்டு, பழத் துண்டு, பாண், ஜாம். பொத்தானை அழுத்தினால் கோப்பி ஊற்றும் இயந்திரம், தேயிலைப் பைகள், குளிர்பானம். வைஃபை கிடைக்கும். கழிப்பறை வெளியே உள்ளதைவிடச் சற்றுச் சுத்தமாக இருக்கும். குளிக்கும் அறை எல்லா லவுஞ்சிலும் இருப்பதில்லை. இருந்தாலும் தனிக் கட்டணம் கேட்கலாம். படுத்து உறங்க இடம் அநேகமாக இல்லை. நள்ளிரவு தாண்டினால் பாத்திரங்களில் கறி அடியில் ஒட்டிக் காய்ந்திருப்பதையும் காணலாம். கல்யாண வீட்டுப் பந்தியை மனதில் வைத்துக்கொண்டு போகிறவர் ஏமாறுவார். நல்ல தேநீரும் சாய்ந்து உட்கார ஓர் இடமும் போதும் என்று போகிறவர் ஏமாறமாட்டார்.

விதிகளும் ஏறத்தாழ எல்லா நாட்டிலும் ஒரே மாதிரியானவை. தங்கும் நேரம் பெரும்பாலும் மூன்று மணி நேரத்துக்குள் கட்டுப்படுத்தப்படும். பல இடங்களில் விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி நேரத்துக்கு முன்னர் வந்தால் உள்ளே விடமாட்டார்கள். கூட்டம் நிறைந்துவிட்டால், கையில் அட்டை இருந்தாலும் “இடமில்லை, பிறகு வாருங்கள்” என்று திருப்பி அனுப்பும் உரிமை அவர்களுக்கு உண்டு. கைக்குழந்தைகளுக்குப் பொதுவாகக் கட்டணமில்லை, எந்த வயது வரை என்பது இடத்துக்கு இடம் மாறும். விமான அறிவிப்புகள் பல லவுஞ்சுகளுக்குள் ஒலிபரப்பப்படுவதில்லை. ஒரு திரையில் விமான எண்ணும் வாயில் எண்ணும் ஓடிக்கொண்டிருக்கும், அதைக் கவனிப்பது பயணியின் பொறுப்பு. இரவெல்லாம் வாகனத்தில் வந்து களைத்தவர்கள் சோபாவில் கண்ணயர்ந்து விமானத்தைத் தவறவிடும் ஆபத்து இங்கே உண்மையானது. தொலைபேசியில் அலாரம் வைக்காமல் கண்ணை மூடக் கூடாது.

இனி நேரக் கணக்கைப் பார்ப்போம், ஏனெனில் முடிவு முழுவதும் அதில்தான் தங்கியிருக்கிறது. அதிகாலை 4 மணிக்கு வளைகுடா நாடு ஒன்றுக்குப் புறப்படும் விமானம் என்று வைத்துக்கொள்வோம். மட்டக்களப்பிலிருந்து பிற்பகல் 2 மணிக்குப் புறப்படும் வான், வழியில் தேநீருக்கும் தொழுகைக்கும் நிறுத்திய பின்னரும், இரவு 10 மணியளவில் கட்டுநாயக்காவை அடைந்துவிடும். விமான நிறுவனத்தின் கவுண்டர் பொதுவாக மூன்று மணி நேரத்துக்கு முன்னர், அதாவது அதிகாலை 1 மணியளவில், திறக்கும். அதுவரை போர்டிங் பாஸ் இல்லை. போர்டிங் பாஸ் இல்லாமல் குடியகல்வைக் கடக்க முடியாது. புறப்படும் பயணிகளுக்கான லவுஞ்சோ குடியகல்வுக்கு அப்பால்தான் இருக்கிறது. ஆகவே 10 மணியிலிருந்து 1 மணி வரையான, உண்மையிலேயே உடம்பை வருத்தும் அந்த மூன்று மணி நேரத்துக்கு லவுஞ் எந்த வகையிலும் உதவாது. 1 மணிக்குப் பின் கவுண்டர் வரிசை, பெட்டி நிறுவை, வேலைக்குச் செல்பவரானால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவுச் சரிபார்ப்பு, பிறகு குடியகல்வு வரிசை என்று முடித்து உள்ளே செல்ல 2 மணி ஆகிவிடும். 3 மணிக்குச் சற்றுப் பின்னர் விமானத்தில் ஏற அழைப்பார்கள். நடுவில் எஞ்சுவது ஒரு மணி நேரம். மூன்று மணி நேரத்துக்கான கட்டணத்தைச் செலுத்தி ஒரு மணி நேரம் உட்காருவதே நமக்கு வாய்ப்பது.

கட்டணத்தையும் ரூபாவில் போட்டுப் பார்க்க வேண்டும். இத்தகைய லவுஞ்சுகள் உலகெங்கும் தலைக்கு ஏறத்தாழ 30 முதல் 60 டொலர் வரை அறவிடுகின்றன. 35 டொலர் என்று வைத்து, டொலரை 300 ரூபாவாகக் கணக்கிட்டால், ஒருவருக்கு 10,500 ரூபா. தாய், தகப்பன், வளர்ந்த இரு பிள்ளைகள் என்றால் 42,000 ரூபா. விமான நிலையத்துக்குள் தேநீரும் ஒரு ரோல்ஸும் வாங்குவதற்கு ஊர்க் கடையைவிடப் பல மடங்கு கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது உண்மைதான். அப்படிக் கொடுத்தாலும் நால்வரின் செலவு இந்தத் தொகைக்கு அருகில் வராது. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டுவந்த புட்டும் பொரித்த மீனும் வாசலுக்கு வெளியே சாப்பிட்டு முடிக்கப்பட்டிருந்தால் உள்ளே பசியே இருக்காது. ஒரு மணி நேரத்தில், அதிகாலை 2 மணிக்கு, யாரால் 10,500 ரூபாவுக்குச் சாப்பிட முடியும்?

அந்த இரவு 10 மணி முதல் 1 மணி வரையான நேரத்துக்குத்தான் மாற்று வழி தேவைப்படுகிறது. கட்டுநாயக்கா, சீதுவை, நீர்கொழும்புப் பகுதிகளில் விமானப் பயணிகளை நம்பியே நடக்கும் சிறு விடுதிகள் நிறைய உள்ளன. அவற்றின் பெரிய நன்மை, கட்டணம் அறைக்கு உரியது, தலைக்கு உரியதல்ல என்பது. ஒரே அறையை எடுத்து வயதானவர்கள் கட்டிலிலும் மற்றவர்கள் பாயிலும் முதுகை நிமிர்த்தலாம், குளிக்கலாம், பெட்டிகளை மீண்டும் ஒருமுறை நிறுத்துப் பார்க்கலாம். வழியனுப்ப வந்தவர்களும் சாரதியும் கூடச் சற்று ஓய்வெடுக்கலாம். அவ்வளவு தூரம் ஓட்டிவந்த சாரதி உறங்காமல் மறுபடியும் 300 கிலோமீற்றர் திரும்புவதைவிட இது எவ்வளவோ மேல். குறைபாடும் உண்டு. சில மணி நேரத்துக்கு மட்டும் அறை தர மறுத்து முழு நாள் வாடகை கேட்பவர்கள் இருக்கிறார்கள். முன்கூட்டித் தொலைபேசியில் பேசி, வருகிற நேரத்தையும் கிளம்புகிற நேரத்தையும் சொல்லி, தொகையை உறுதிசெய்துகொள்ள வேண்டும். தனியாகச் செல்லும் இளைஞருக்கு இது வீண் செலவாகத் தோன்றலாம். அவருக்கு வெளிக் கூடமே போதும். மூன்று பேருக்கு மேல் இருந்தால் லவுஞ்சும் அறையும் ஒப்பிடக்கூடியவையே அல்ல, அறைதான்.

இடைத்தங்கலில் நிலைமை முற்றிலும் மாறுகிறது. லண்டனுக்கோ சூரிச்சுக்கோ ரொறன்ரோவுக்கோ செல்லும் நம்மவர்கள் பெரும்பாலும் டோஹா அல்லது துபாய் வழியாகவே செல்கிறார்கள். அங்கே இறங்கும்போது கையில் அடுத்த விமானத்தின் போர்டிங் பாஸ் ஏற்கெனவே இருக்கிறது, பெட்டி நேராக அடுத்த விமானத்துக்குப் போகிறது, குடிவரவு வரிசை இல்லை. நான்கு மணி நேர இடைவெளியென்றால் பாதுகாப்புச் சோதனைக்கும் வாயிலுக்கு நடப்பதற்கும் போக மீதி மூன்று மணி நேரத்தையும் லவுஞ்சில் கழிக்கலாம். கட்டிய பணத்துக்குரிய நேரம் முழுதாகக் கிடைக்கிறது. ஊரிலிருந்து புறப்பட்டு ஏறத்தாழ ஒரு நாள் ஆகிவிட்ட நிலையில் முகம் கழுவி, உடை மாற்றி, சூடாக ஏதாவது சாப்பிடுவதற்கு உடம்பே கேட்கும் நேரமும் அதுதான். துபாயில் மர்ஹபா என்ற பெயரிலும், டோஹாவில் அல் மஹா என்ற பெயரிலும் எந்த விமானப் பயணியும் பணம் கட்டி நுழையக்கூடிய கூடங்கள் இருக்கின்றன. இணையத்தில் முன்பதிவு செய்தால் வாசலில் இடமில்லை என்ற பேச்சைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

ஆனாலும் அங்கேயும் பணம் கொடுப்பதற்கு முன் இலவசமாகக் கிடைப்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது. டோஹாவின் ஹமாத் விமான நிலையத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே சாய்வு நாற்காலிகள் போட்ட அமைதி அறைகள் உள்ளன. வைஃபையும் தொழுகை அறைகளும் தாராளம். 2022இல் திறக்கப்பட்ட ஓர்ச்சர்ட் என்ற உள்ளகத் தோட்டத்தில் மரங்களுக்கிடையே உட்கார்ந்திருக்கவும் யாரும் கட்டணம் கேட்பதில்லை. மூன்று மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளியுள்ளவர் அமைதி அறையோடு நிறுத்திக்கொள்ளலாம். எட்டு, பத்து மணி நேரம் என்றால் லவுஞ்சும் பொருந்தாது, ஏனெனில் மூன்று மணி நேரத்தில் எழுப்பிவிடுவார்கள். நீட்டிக்கக் கூடுதல் பணம். அந்த அளவு நீண்ட இடைவெளிக்கு விமான நிலையத்துக்குள்ளேயே இருக்கும் விடுதி, அல்லது மணிக் கணக்கில் வாடகைக்கு விடும் உறங்கு அறை பொருத்தமானது. டோஹாவில் ஒரிக்ஸ் விடுதியும், துபாயில் துபாய் இன்டர்நெஷனல் விடுதியும் குடிவரவைக் கடக்காமலே தங்கக்கூடியவை. அதற்கும் முன்னால் டிக்கெட் எடுத்த முகவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இடைவெளி நீளும்போது விமான நிறுவனமே தங்குமிடம் தரும் திட்டம் இந்த டிக்கெட்டுக்குப் பொருந்துமா? எமிரேட்ஸின் துபாய் கனெக்ட் போன்ற ஏற்பாடுகள் டிக்கெட் வகையையும் இடைவெளியின் நீளத்தையும் பொறுத்துக் கிடைப்பவை. கேட்காதவருக்கு யாரும் அழைத்துக் கொடுப்பதில்லை.

அட்டை வழியாக நுழைவதைப் பற்றி வங்கிகளின் விளம்பரம் சொல்லாத சில விடயங்கள் உண்டு. உயர்தரக் கடனட்டைகள் சிலவற்றோடு ஆண்டுக்கு இத்தனை முறை என்று லவுஞ் நுழைவு இலவசமாகத் தரப்படுகிறது. எத்தனை முறை என்பதும், அதற்கு அட்டையில் குறைந்தபட்சம் எவ்வளவு செலவு செய்திருக்க வேண்டும் என்பதும் வங்கிக்கு வங்கி வேறுபடும், இடையில் மாறவும் செய்யும். இலவசம் பெரும்பாலும் அட்டைதாரருக்கு மட்டுமே. மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனால் அவர்களுக்கான கட்டணம் டொலரில் கணக்கிடப்பட்டு அடுத்த மாதப் பட்டியலில் வரும். ஆகவே வாசலில் கையொப்பமிடும் துண்டுச் சீட்டில் விருந்தினர் எண்ணிக்கை என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று வாசித்துவிட்டே கையொப்பமிட வேண்டும். மடியில் இருக்கும் குழந்தையும் ஒருவராகச் சேர்க்கப்பட்டிருந்தால் அந்த இடத்திலேயே திருத்தச் சொல்வது எளிது, ஊர் திரும்பி வங்கியோடு மல்லுக்கட்டுவது எளிதல்ல. ஏற்கெனவே இத்தகைய அட்டை வைத்திருப்பவருக்கு கட்டுநாயக்காவில் அந்த ஒரு மணி நேரம்கூட லாபம்தான், செலவில்லையே. லவுஞ்சுக்காகவே ஆண்டுக் கட்டணம் கூடிய அட்டைக்கு விண்ணப்பிப்பது வேறு கதை.

பிரயோரிட்டி பாஸ் போன்ற, பல நாட்டு லவுஞ்சுகளில் நுழைய உதவும் உறுப்புரிமையைத் தனியாக வாங்கலாமா என்று கேட்பவர்கள் கணக்கைப் போட்டாலே விடை தெரிந்துவிடும். அண்மைய ஆண்டுகளில் அதன் அடிப்படை அடுக்குக்கு ஆண்டுக்கு 99 டொலர். அதற்கு மேல் ஒவ்வொரு நுழைவுக்கும் 35 டொலர். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று பார்த்தால் 169 டொலர். வாசலில் 35 டொலர் வீதம் கட்டியிருந்தால் 70 டொலரில் முடிந்திருக்கும். 329 டொலர் அடுக்கில் பத்து நுழைவுகள் அடக்கம், அதாவது ஒன்று ஏறத்தாழ 33 டொலர். பத்தையும் ஓராண்டுக்குள் பயன்படுத்தினால்தான் அந்த விலை. ஆண்டுக்கு ஒருமுறை மகளைப் பார்க்கக் கனடா போய்வரும் பெற்றோருக்கு இது எந்த வகையிலும் கட்டுபடியாகாது. மாதம் ஒருமுறை பறக்கும் வியாபாரிக்குக் கட்டுபடியாகலாம். அத்தகையவர் ஒரே கூட்டமைப்பின் விமானங்களில் தொடர்ந்து பறந்து உயர்நிலை உறுப்பினராவது இன்னும் நல்ல வழி. ஸ்ரீலங்கனும் கட்டார் எயார்வேஸும் ஒரே வன்வேர்ல்டில் இருப்பதால், அடிக்கடி பறப்போருக்கான ஸ்ரீலங்கனின் ஃப்ளைஸ்மைல்ஸ் திட்டத்தின் தங்க அட்டை டோஹாவிலும் மதிப்புடையது.

மக்காவுக்கு உம்றா யாத்திரை செல்வோரின் தேவை மற்றவர்களுடையதைப் போன்றதல்ல. காத்தான்குடி, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களிலிருந்து குழுவாகச் செல்வோர் ஜித்தாவுக்கு நேரடியாகப் பறந்தால் யாத்திரைக்குரிய இஹ்றாம் நிலையில் கடக்க வேண்டிய மீக்காத் எல்லையை வானிலேயே கடப்பார்கள் என்பதால், குளித்து இஹ்றாம் உடை அணிவதை அதற்கு முன்னரே முடிக்க வேண்டும். அவர்களுக்குச் சோபாவும் சான்ட்விச்சும் முக்கியமல்ல, சுத்தமான குளியலறைதான் முக்கியம். நேரடி விமானமென்றால் நீர்கொழும்பு அறை இதைச் செம்மையாக நிறைவேற்றும். இடைத்தங்கும் விமானமென்றால், அங்குள்ள லவுஞ்சில் குளியலறை உண்டா, துவாய் தருவார்களா என்று முன்பதிவின்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். உணவைப் பொறுத்தவரை, கட்டார், துபாய் லவுஞ்சுகளில் ஹலால் பற்றிய கவலை பொதுவாக இல்லை; வேறு நாடுகளில் பாத்திரத்தின் முன் வைத்திருக்கும் சிட்டையை வாசிப்பதோடு பணியாளரிடமும் கேட்டுக்கொள்வதே பாதுகாப்பு. மரக்கறி மட்டும் சாப்பிடும் விரதகாரருக்குச் சூப்பிலும் நூடில்ஸிலும் கவனம் தேவை, மரக்கறியாகத் தோன்றுவதில் இறைச்சிச் சாறு கலந்திருக்கலாம்.

வயதான அம்மாவையோ உம்மாவையோ தனியே அனுப்புகிறவர்கள் லவுஞ்சுக்குப் பணம் கட்டுவதைப் பற்றி யோசிப்பதைவிட, விமான நிறுவனத்திடம் சக்கர நாற்காலி உதவியை 48 மணி நேரத்துக்கு முன்னரே பதிவுசெய்துவிடுவது மேல். அந்த உதவிக்குக் கட்டணமில்லை. வரிசைகளில் முன்னுரிமை கிடைக்கும், வாயில் வரை ஒருவர் கூடவே வருவார், டோஹா போன்ற பெரிய நிலையத்தில் வழி தேடி அலையும் பயமும் இல்லை. லவுஞ்சும் வேண்டுமென்றால் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளக்கூடும்: தள்ளிச் செல்லும் பணியாளர் லவுஞ் வாசலில் விட்டுச் சென்றால், திரும்ப வந்து அழைத்துச் செல்லும் நேரத்தை அவரிடமும் வாசல் மேசையிலும் சொல்லி உறுதிசெய்ய வேண்டும். ஆங்கிலமோ அரபோ பேசத் தயங்கும் ஒருவருக்கு இது பெரும் பாரம். தனியே செல்லும் மூத்தவர்களுக்கு நான் லவுஞ்சைப் பரிந்துரைக்கமாட்டேன். சக்கர நாற்காலிப் பயணிகள் கூடும் இடத்திலேயே இருக்கட்டும், விமானத்தை யாரும் தவறவிடமாட்டார்கள்.

திரும்பி வரும் பயணத்துக்கும் ஒரு வார்த்தை. புறப்படும் பயணிகளுக்கான லவுஞ்சில் கட்டுநாயக்காவில் வந்திறங்கியவர் நுழைய முடியாது. அவருக்கு முன்னால் இருப்பது குடிவரவும் சுங்கமும் பெட்டி வரும் பட்டையும்தான். ஆகவே நள்ளிரவில் வந்திறங்கி, விடியும்வரை லவுஞ்சில் இருந்துவிட்டுக் காலையில் பஸ் பிடிக்கலாம் என்று திட்டமிடுவது நடக்காது. ஊரிலிருந்து வான் வருகிறதென்றால் சாரதிக்கு விமானம் தரையிறங்கும் நேரத்தைச் சொல்லாமல், அதற்கு ஒன்றரை மணி நேரம் பிந்திய நேரத்தைச் சொல்லுங்கள். வாகனத் தரிப்பிடக் கட்டணமும் அவருடைய உறக்கமும் மிஞ்சும்.